எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் குறி: தமிழ் இதழ்கள், பதிப்பகங்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, உதவி ஆசிரியர்களே, மெய்ப்புத் திருத்துபவர்களே, பக்கம் வடிவமைப்பவர்களே,

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் இயற்பியல் நடத்தும் ஆசிரியன். எங்கள் வகுப்பில் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் எப்போதும் வரைந்திருக்கும். காலையில் முதலில் வரும் மாணவர் அன்றைய செய்தித்தாளைப் பார்த்து, முந்தைய நாளின் அதிகபட்ச வெப்பநிலை, பெய்த மழை, மேட்டூர் அணையின் நீர்மட்டம் ஆகிய மூன்றையும் அதில் எழுத வேண்டும். பாடநூலுக்கு வெளியேயும் அளவுகள் நடமாடுகின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நான் ஏற்படுத்திய வழக்கம் அது.

ஓர் ஏப்ரல் காலையில் அந்தக் கட்டத்தில் ‘வெப்பநிலை 400 செ.’ என்று இருந்தது. எழுதியவள் நன்றாகப் படிக்கும் பெண். காரீயம் உருகுவதற்கு 327 டிகிரி செல்சியஸ் போதும் என்று முந்தைய வாரம்தான் படித்திருந்தாள். “இது எப்படியம்மா?” என்று கேட்டேன். “எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது, சார். ஆனால் பேப்பரில் அப்படித்தான் போட்டிருக்கிறது” என்று தாளை நீட்டினாள். அப்படித்தான் போட்டிருந்தது. 40 என்ற எண்ணின் வலத்தோளில் நிற்க வேண்டிய சிறு வட்டம் கீழே இறங்கி, பூஜ்ஜியமாகி, எண்ணோடு சேர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. தான் படித்ததைவிட அச்சில் வந்ததை நம்பினாள். அவள் நம்பியது உங்களை. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

அந்த வட்டம் எப்படி இறங்கியது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். செய்தியைத் தட்டச்சு செய்தவருக்கு டிகிரிக் குறி விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பூஜ்ஜியத்தை அடித்தார், அதைச் சிறிதாக்கி மேலே ஏற்றினார். அவருடைய திரையில் குறையில்லாமல் 40° என்றே தெரிந்தது. ஆனால் கணினியைப் பொறுத்தவரை அங்கே இருந்தவை 4, 0, 0 என்ற மூன்று எண்கள். மூன்றாவது எண்ணை மேலே ஏற்றியது வெறும் ஒப்பனை. செய்தி மின்னஞ்சலில் போனது. அங்கிருந்து பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குப் போனது. வழியில் ஒப்பனை கலைந்தது, எண் மட்டும் நின்றது. உண்மையான டிகிரிக் குறி ஒரு தனி எழுத்து. ஒருங்குறியில் (யூனிகோடில்) அதற்கென்று ஓர் இடம் உண்டு. ஒருங்குறியை அறிந்த எத்தனை மென்பொருள் கடந்து போனாலும் அது வட்டமாகவே போய்ச் சேரும்.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: அளவைச் சொல்லும் குறிகளுக்கு அந்தந்தக் குறியையே இடுங்கள். அதைப் போலத் தோற்றமளிக்கும் வேறொன்றை இட்டு நிரப்பாதீர்கள். உரிய குறி கைக்கு எட்டவில்லை என்றால் சொல்லாகவே எழுதிவிடுங்கள். ‘40 டிகிரி செல்சியஸ்’ என்பதை எந்த மென்பொருளாலும் வேறோர் எண்ணாக மாற்றிவிட முடியாது.

டிகிரியைவிட அடுக்கு எண்களில் சேதம் அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவு 1.5 × 10¹¹ மீட்டர். ஒளியின் வேகம் வினாடிக்கு 3 × 10⁸ மீட்டர். ஒளி நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகும்? விடை 500 வினாடி, அதாவது 8 நிமிடம் 20 வினாடி. ஆனால் வினாத்தாளில் 10¹¹ என்பது 1011 என்றும், 10⁸ என்பது 108 என்றும் அச்சாகியிருந்தன. பெருக்கல் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ‘எக்ஸ்’ எழுத்து நின்றது. ஒரு மாணவன் 1.5ஐ 1011ஆல் பெருக்கி 1516.5 என்றும், 3ஐ 108ஆல் பெருக்கி 324 என்றும் கண்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, 4.68 வினாடி என்று விடை எழுதியிருந்தான். அவன் கணக்கில் ஓர் இடத்திலும் பிழை இல்லை. வினாடிக்கு 324 மீட்டர் என்பது காற்றில் ஒலி செல்லும் வேகத்துக்கு அருகில் இருப்பதால், அந்த எண் அவனுக்கு அந்நியமாகவும் படவில்லை. ஆங்கிலவழி மாணவர்களின் தாளில் அதே கேள்வி சரியாக இருந்தது. தமிழ்த் தாளில்தான் அடுக்குகள் விழுந்திருந்தன. தமிழில் படிக்கிறான் என்பதற்காக ஒரு பிள்ளை தவறான எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டியிருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எதிர்க்குறி அடுக்குகளின் நிலை இன்னும் மோசம். எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு 1.6 × 10⁻¹⁹ கூலும். மேலே நிற்கும் -19 கீழே இறங்கினால் ‘10-19’ ஆகிவிடும். அதைப் பத்திலிருந்து பத்தொன்பதைக் கழிப்பதாகத்தான் எவரும் வாசிப்பார்கள்.

எழுத்துரு மாறினால் எழுத்தே மாறும் துயரம் தமிழர்களுக்குப் புதிதல்ல. பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். ஆங்கில ‘எம்’ விசையில் அகரத்தை உட்கார வைத்த எழுத்துரு அது; எழுத்துரு போனதும் அகரம் ‘எம்’ ஆகிவிடும். அறிவியல் குறிகளுக்கும் இதே ஏற்பாடு நடந்தது. ‘சிம்பல்’ என்ற பழைய எழுத்துருவில் அதே ‘எம்’ விசையை அழுத்தினால் கிரேக்க ‘மியூ’ வரும். மைக்ரோ என்பதன் குறி அதுதான். எழுத்துரு கைநழுவியதும் மியூ மறைந்து சிறிய ‘எம்’ வெளியே வரும். அதுவோ மில்லியின் குறி. மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிறது. அளவு ஆயிரம் மடங்கு ஏறுகிறது. தைராய்டுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் 25, 50, 100 மைக்ரோகிராம் என்ற அளவில் வருகின்றன. நலவாழ்வுப் பக்கத்தில் அது ‘100 மி.கி.’ என்று அச்சானால் என்ன பொருள் என்று எண்ணிப் பாருங்கள். கையெழுத்தில்கூட மியூ ‘எம்’ போலத் தெரியும் என்பதால், மருந்துச் சீட்டில் அந்தக் குறியைத் தவிர்க்கும்படி மருந்துப் பாதுகாப்புக்காக உழைக்கும் அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. தமிழில் நமக்கு எளிய வழி இருக்கிறது. ‘மைக்ரோகிராம்’ என்று முழுதாக எழுதுங்கள். ‘மை.கி.’ என்றுகூடச் சுருக்க வேண்டாம். சிறு எழுத்தில் ‘மை’யின் இணைக்கொம்பு மங்கினால் மிஞ்சுவது வெறும் ‘ம’.

அதே சிம்பல் எழுத்துருவில், மின்தடையின் அலகான ஓமைக் குறிக்கும் ஓமேகா ‘டபிள்யூ’ விசையில் இருக்கிறது. டபிள்யூ வாட்டின் குறி. 100 ஓம் மின்தடை 100 வாட் ஆகி அச்சான பயிற்சிக் கையேட்டை நானே வைத்திருக்கிறேன். ரூபாய்க் குறிக்கும் அதே கதி நேர்ந்தது. 2010 ஜூலையில் உதயகுமார் வடிவமைத்த ₹ ஏற்கப்பட்டபோது, ஒருங்குறியில் இடம் கிடைக்கும்வரை காத்திராமல், விசைப்பலகையின் இடது மூலையில் இருக்கும் சாய்ந்த ஒற்றைக் குறியின் மேல் அதை ஏற்றிய எழுத்துரு நாடெங்கும் பரவியது. சில மாதங்களிலேயே ஒருங்குறியில் முறையான இடம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய எழுத்துருவில் தயாரான ஆவணங்களில் இன்றும் தொகைக்கு முன்னால் ஒரு சாய்ந்த கீற்றுதான் நிற்கிறது.

கோணத்துக்கு வருகிறேன். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82°30′ஐக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இது எத்தனையோ பொது அறிவு நூல்களில் 82.30 என்று அச்சாகியிருக்கிறது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். எனவே 30 நிமிடம் அரை டிகிரி. சரியான தசம எண் 82.5. புள்ளியை இட்டவர் வட்டத்தையும் சிறு கோட்டையும் தவிர்த்துவிட்டதாக மட்டும் நினைத்திருப்பார். ஆனால் ரேகை 0.2 டிகிரி மேற்கே நகர்ந்துவிட்டது. நிலத்தில் அது ஏறக்குறைய 20 கி.மீ., நேரத்தில் 48 வினாடி. நிமிடக் குறி ′, வினாடிக் குறி ″ இரண்டும் மேற்கோள் குறிகள் அல்ல. மேற்கோளை அடித்தால் மென்பொருள் தானாகவே அதை வளைத்து, திறக்கும் மேற்கோளாகவோ மூடும் மேற்கோளாகவோ ஆக்கிவிடும். நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, வெயிலில் சங்கிலி நீள்வதைக்கூடக் கணக்கில் சேர்த்தார். அவ்வளவு கவனத்தோடு அளந்த நாட்டில்தான் நாம் ரேகையை ஒரு புள்ளியை இட்டு நகர்த்திவிடுகிறோம்.

கழித்தல் குறியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் இதழ்களில் அது படும் பாடு தனி. ஊரையும் அளவையும் சிறுகோட்டால் இணைத்துப் பட்டியலிடுவது நம் வழக்கம்: ‘வால்பாறை - 7 செ.மீ., கூடலூர் - 5 செ.மீ.’ என்பதுபோல. இதே முறையில் குளிர்காலத்தில் ‘அவலாஞ்சி - 2 டிகிரி’ என்று வந்தால் வாசகர் எப்படி எடுத்துக்கொள்வார்? இரண்டு டிகிரியா, உறைநிலைக்குக் கீழே இரண்டு டிகிரியா? தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு ஓர் இரவின் தூக்கம். நிலப் பட்டாவில் பரப்பு ‘0 - 40.50’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சிறுகோடு ஹெக்டேரையும், அதில் நூறில் ஒரு பங்கான ஏரையும் பிரிக்கிறது, 40.50 ஏர் என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஆக ஒரே சிறுகோடு இணைக்கிறது, பிரிக்கிறது, ‘முதல் - வரை’ என்கிறது, கழிக்கவும் செய்கிறது. இவற்றில் கழித்தலுக்கு − என்ற தனி எழுத்து இருக்கிறது. அது கூட்டல் குறியின் கிடைக்கோட்டு அளவுக்கு நீண்டிருக்கும். எண்ணை ஒட்டி நிற்கும். வரியின் முடிவில் சிறுகோடு மட்டும் தங்கி, எண் அடுத்த வரிக்குப் போய்விட்ட பக்கங்களை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். அந்த வரியை வாசிப்பவருக்கு உறைபனியே இல்லை.

இனி நம் சுருக்கங்கள். கி.மீ., செ.மீ., மி.லி. ஆகியவை தமிழில் நன்றாக ஊன்றிவிட்டன. அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ் வரிக்குள் அவை இயல்பாக நிற்கின்றன. ஆனால் ஒரு சுருக்கத்துக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். ‘மி’ மில்லி, ‘மீ’ மீட்டர். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுழி. ‘5 மீ.மீ. மழை’ என்று வரும்போது சுழி தவறியது மில்லியிலா மீட்டரிலா என்று வாசகரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ‘கி.’ என்பது கி.மீ.யில் கிலோ; தனியே நின்றால் சிலருக்குக் கிராம், சிலருக்குக் கிலோ. சமையல் குறிப்பில் ‘சர்க்கரை 2 கி.’ என்று பார்த்திருக்கிறேன். ‘மெ.’ சில இடத்தில் மெட்ரிக், சில இடத்தில் மெகா. ‘செ.’ செண்டியாகவும் வருகிறது, செல்சியஸாகவும் வருகிறது. என் கருத்து இது: முன்னொட்டுகளுக்கு மட்டும் சுருக்கத்தை வைத்துக்கொள்ளலாம், கிராம், செல்சியஸ், டன், வாட், லிட்டர் ஆகியவை தனியே நிற்கும்போது முழுச்சொல்லாகவே நிற்கட்டும். ஒரு வரிக்கு நான்கு எழுத்து கூடும். அவ்வளவுதான் செலவு.

அடுத்து, அலகின் பாதியை விழுங்கிவிடும் வழக்கம். ‘மேட்டூரில் 20 ஆயிரம் கனஅடி திறப்பு’ என்று தலைப்பு வருகிறது. கனஅடி கொள்ளளவு, நீரோட்டத்துக்கு ‘வினாடிக்கு’ என்ற சொல் வேண்டும். அது இல்லாவிட்டால், அணையில் 93.47 டி.எம்.சி. கொள்ளும் இடத்திலிருந்து 20 ஆயிரம் கனஅடி மட்டும் போனதாகத்தான் பொருள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. தீரும். இந்தக் கணக்கை என் மாணவர்கள் கரும்பலகையில் போட்டுப் பார்த்தபோது, “அப்படியானால் சார், தலைப்பில் இருப்பது ஒரு நாளுக்கா, ஒரு வினாடிக்கா?” என்று ஒருவன் கேட்டான். டெல்டாவில் நாற்று விட்டிருக்கும் அவனுடைய அப்பாவும் அதைத்தான் கேட்பார். செய்தியின் உள்ளே ‘வினாடிக்கு’ பெரும்பாலும் இருக்கிறது. தலைப்பிலும் கட்டத்திலும் விழுந்துவிடுகிறது. தேநீர்க் கடையில் நின்று வாசிப்பவர் தலைப்பைத்தான் வாசிக்கிறார்.

மின்சாரத்தில் இதற்கு நேர்மாறாக, இல்லாத சாய்கோடு ஒன்று நுழைந்துவிடுகிறது. மின்கட்டண அட்டையில் நாம் யூனிட் என்று சொல்வது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல். கிலோவாட்டையும் மணியையும் பெருக்கி வருவது அது. அதை ‘கிலோவாட்/மணி’ என்று எழுதுகிறார்கள். சாய்கோடு வகுத்தலின் குறி. கி.மீ./மணி என்பதைப் பார்த்துப் பழகிய கை அங்கேயும் சாய்கோட்டை இழுத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பெருக்கல் வகுத்தலாக மாறிய பிறகு அந்த அலகு ஆற்றலைக் குறிப்பதே இல்லை.

‘இதெல்லாம் மேல்நாட்டு முறைக்கான கவலை, தமிழுக்கு எதற்கு’ என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை அவருக்கு நினைவூட்டினேன். இராசராசன் கொடுத்த பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குன்றிமணி அளவுவரை வெட்டி வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்பதையும், ‘ஆடவல்லான் என்னும் கல்லால்’ என்று பெயர் சொல்லி வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வாசிப்பவனுக்கும் அந்த அளவின்மேல் ஐயம் வரக்கூடாது என்ற எண்ணம் அந்தச் சொற்களில் இருக்கிறது. பிற்கால ஓலைகளிலும் கணக்கேடுகளிலும் உழக்கு, குருணி, பதக்கு, குழி, வேலி ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வைத்திருந்தார்கள். 2019இல் வெளிவந்த ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில், தமிழுக்கான துணைப் பகுதியில் பின்னக் குறிகளோடு இவையும் இடம்பெற்றன. வெவ்வேறு அளவுகளுக்குத் தனித்தனிக் குறி வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கக்கூடாது என்பது நம் கணக்கப்பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்தி. பதக்குக்குக் குருணிக் குறியை இட்டுவிட்டு ‘பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால், நெல் அளந்து கொடுத்தவன் விட்டிருப்பானா?

அறிவியல் நூல்களில் சர்வதேசக் குறிகளையே பயன்படுத்துவது என்று முடிவு செய்த பதிப்பகங்களும் உண்டு. அது நல்ல முடிவு. அந்தக் குறிகள் எந்த மொழியின் சுருக்கமும் அல்ல, கணிதக் குறிகளைப் போன்றவை. எல்லா மொழிக்கும் ஒன்றே. அப்படிப் பயன்படுத்துவதென்றால் அவற்றின் இலக்கணத்தோடு பயன்படுத்த வேண்டும். 1948இலேயே எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு எழுத்து முறையை வகுத்துவிட்டது: குறிக்குப் பின்னால் புள்ளி இல்லை. குறியோடு பன்மை விகுதி சேர்ப்பதும் முறையல்ல. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு பொருள் தரும். சிறிய ‘எம்’ மில்லி, பெரிய ‘எம்’ மெகா; இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால் நம் கண் இதைக் கவனிக்கப் பழகவில்லை. ஊர்ப்பெயர்ப் பலகைகளில் தொலைவுக்குப் பின்னால் கே, எம், எஸ் மூன்றையும் பெரிய எழுத்தில் தீட்டியிருப்பது அதனால்தான். கெல்வினுக்கு டிகிரி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1967இல் அதை நீக்கிவிட்டார்கள், நம் நூல்களில் இன்னும் ‘டிகிரி கெல்வின்’ தொடர்கிறது.

காய்கறிக் கடைத் தராசுக்குக்கூடக் குறித்த காலத்தில் முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை வைக்கிறார். சந்தையில் நிறுத்துக் கொடுப்பவரை 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. செய்தியில் அச்சாகும் அளவுக்கு அப்படி ஓர் ஆய்வாளர் வரப்போவதில்லை. அந்த வேலை மெய்ப்புத் திருத்துபவரின் மேசையில்தான் நடக்க வேண்டும்.

செய்வது கடினமும் அன்று. விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0176 அடித்தால் ° வரும். 0178 அடித்தால் ², 0179 அடித்தால் ³, 0215 அடித்தால் ×. வேர்டில் 2212 என்று அடித்துவிட்டு ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் − கிடைக்கும். 2032, 2033 இரண்டும் ′, ″ ஆகும். மேக் கணினியில் ஆப்ஷன், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டிகிரி. ஸ்பானியர்கள் ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்பதைக் குறிக்க இடும் சிறு ‘ஓ’ ஒன்று இருக்கிறது. அது டிகிரிபோலவே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். கோணத்துக்கான °, ′, ″ தவிர, எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள். வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டோடு இடைவெளி விசையை அழுத்தினால் வரி முடிவில் அவை பிரியாது. இவற்றைப் பாதிப் பக்கத்தில் எழுதித் தட்டச்சு செய்பவரின் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். இதழின் நடைக் கையேட்டில் சுருக்கங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய பக்கமாக இருந்தால், எண்கள் வரும் வரிகளை மட்டுமாவது மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழை கண்ணில் பட்டுவிடும். 40° என்பது 400 ஆனது பிழைபோலத் தோன்றவே தோன்றாது.

தமிழ் எழுத்துரு செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அழகான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் °, −, ′, அடுக்கு எண்கள் ஆகியவை இல்லை. அவை வரும் இடத்தில் மென்பொருள் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்குகிறது, அல்லது வெறும் கட்டத்தைக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பயந்துதான் தட்டச்சு செய்பவர் பூஜ்ஜியத்தைத் தூக்கி மேலே வைக்கிறார். 247 எழுத்துகளுக்குக் காட்டும் அக்கறையில் சிறிதளவை இந்தப் பத்துப் பதினைந்து குறிகளுக்கும் காட்டுங்கள்.

அந்த ஏப்ரல் காலையில் நான் கரும்பலகையில் 400ஐ அழிக்கவில்லை. அந்தப் பெண்ணையே அழைத்து, கடைசிப் பூஜ்ஜியத்தை அழித்து, மேலே ஒரு சிறு வட்டம் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, “பேப்பருக்கு எழுதிப் போட்டால் திருத்திக்கொள்வார்களா, சார்?” என்று கேட்டாள். எழுதிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். எங்கள் வகுப்பில் இன்றும் காலை எட்டரை மணிக்குள் யாராவது ஒருவர் உங்கள் தாளைப் பார்த்து அந்தக் கட்டத்தை நிரப்புகிறார்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஒரு தமிழ்வழி இயற்பியல் ஆசிரியர்